ஐந்தாம் எண் நெய் ரோஸ்ட்

2025 மார்ச் 3, திங்கள், காலை 6.42

எண்ணிக்கை: ஆய்வுக்குத் தேவை எட்டு ஆண்கள். சேர்ந்தவர்கள் ஏழு. எட்டாவதாகத் தலையாட்டிய எம்.பி.ஏ. மாணவன், தொடையில் ஊசி விட்டுத் தசை எடுப்பார்கள் என்று கேட்டதும் பெட்டியோடு ஊருக்கே போய்விட்டான். எட்டாவது நான்.

“உடம்புல என்ன மாறினாலும் தினமும் எழுதுங்க பூபதி. கற்பனை மட்டும் வேண்டாம்” என்றார் டாக்டர் உமையாள். ஆய்வு அவருடையது. எனக்குக் கற்பனை கிடையாது. கருவியியல் பொறியாளன். இந்த நிறுவனத்தின் மைக்ரோஸ்கோப், மருந்து ஏற்றும் பம்ப், எடை பார்க்கும் மெஷின் எல்லாம் என் பொறுப்பு. கருவி பொய் சொன்னால் கண்டுபிடிப்பேன். மனிதன் பொய் சொன்னால் அது என் துறை இல்லை.

ஆய்வு இதுதான். எட்டு நாள் சாயங்காலம் ஒரு ஊசி. ஒன்பதாம் நாள் காலையில் பரிசோதனைப் படுக்கை. இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி. மறுபடி எட்டு நாள் ஊசி, மறுபடி படுக்கை. ஒரு சுற்றில் வளர்ச்சி ஹார்மோன், இன்னொரு சுற்றில் வெறும் உப்புத் தண்ணீர். எது எப்போது என்பது மருந்தகத்துக் கம்ப்யூட்டருக்கு மட்டும் தெரியும். டாக்டருக்குத் தெரியாது, ஊசி போடும் ஜெசிந்தா சிஸ்டருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது என்கிறார்கள். எனக்குத் தெரிந்துவிடும். பார்ப்போம்.

ஏன் சேர்ந்தேன்? அப்பா. பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்க் களம் வைத்திருக்கிறார். பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. போன வருடம் இடது கால் கட்டைவிரலை எடுத்தார்கள். டீயில் வெல்லம் போட்டுக்கொண்டு, “வெல்லம் சக்கரை இல்லடா” என்பார். ஒவ்வொரு ஞாயிறும் போனில் சண்டை. போன வாரம் சொன்னார்: “நம்ம வம்சத்துல முப்பது தாண்டுனா வாரதுதான்டா. உனக்கும் வரும், அப்பத் தெரியும்.”

எனக்கு ஐப்பசியில் முப்பது. வம்சம் என்பது வாயைக் கட்ட முடியாதவர்களின் சாக்கு. இந்த ஆய்வு முடிந்ததும் முழு ரிப்போர்ட் தருவார்களாம். அதை லேமினேட் செய்து அப்பா கையில் கொடுப்பேன். பிறகு வம்சத்தைப் பற்றிப் பேசட்டும்.

சேர்ப்பதற்கு முன் எடுத்த வெறும் வயிற்றுச் சர்க்கரை: 97. நூறுக்குள் இருக்க வேண்டும். பாஸ்.

மார்ச் 4, செவ்வாய்

முதல் ஊசி. வயிற்றில். ஜெசிந்தா சிஸ்டர் நாகர்கோவில்காரர். “தம்பி, வயித்துல பிடிக்க ஒண்ணுமே இல்லியே” என்றார். 174 சென்டிமீட்டர், 58 கிலோ. பெருமையாக இருந்தது.

அறைத்தோழன் தாமோதரனும் ஆய்வில் இருக்கிறான். 96 கிலோ. அவன் சட்டையை உயர்த்தியதும் சிஸ்டர், “உங்களுக்கு எங்க வேணும்னாலும் போடலாம்” என்றார். அவன் மாலை தவறாமல் வாலிபால் ஆடுகிறான். ஆடி என்ன பயன், பந்து எது அவன் எது என்று தூரத்திலிருந்து தெரியாது.

“மாப்ள, உன்ற வாய்க்கு ஒரு ஊசி இருந்தா நல்லாருக்கும்டா” என்றான் தாமு. ஈரோட்டுக்காரன், கோபம் வராது.

மார்ச் 6, வியாழன்

ஹார்மோன்தான். சந்தேகமே இல்லை.

ஆதாரம் ஒன்று: பசி. மெஸ்ஸில் நான்கு பரோட்டா போன இடம் தெரியவில்லை. ஆதாரம் இரண்டு: குரல் கனத்திருக்கிறது. காலையில் “தண்ணி வரல” என்று வார்டனிடம் போனில் சொன்னேன், “யாருங்க சார் பேசறது?” என்றார். வார்டன் என்னை சார் என்று சொன்னது இதுவே முதல் முறை.

தாமு, ஃபேனுக்கு நேர் கீழே படுத்தால் சளி பிடிக்கும் என்கிறான். அவன் படித்தது வரலாறு.

இன்று முதல் தாடையை வெர்னியர் காலிப்பரால் அளக்கிறேன். ஹார்மோன் அதிகமானவர்களுக்குத் தாடை வளரும் என்பது பாடப்புத்தகம். இன்றைய அளவு 112.4 மில்லிமீட்டர்.

மார்ச் 8, சனி

தாடை 113.0. எழுத வேறொன்றும் இல்லை.

மார்ச் 9, ஞாயிறு

ஷூ இறுக்குகிறது. கால் வளர்கிறது. (வெள்ளிக்கிழமை சுடுதண்ணீரில் துவைத்தேன். அதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாகத் தோன்றவில்லை.)

அப்பா போன் செய்தார்.

“சாப்புட்டயா கண்ணு?”

“சாப்பிட்டேன். நீங்க மாத்திரை போட்டீங்களா?”

“போட்டன், போட்டன். என்னமோ ஊசி போட்டுக்கறயாமா, தாமு சொன்னான்? உனக்கென்ன கேடு?”

“ஆராய்ச்சிங்கப்பா. வளர்ச்சி ஹார்மோன்.”

“இன்னும் வளரோணுமாடா? வாசல் நெலவு தலையில இடிக்குதுன்னு போன மாசந்தான நெத்தியத் தேச்சுட்டு நின்ன?”

விளக்கினேன். வளர்ந்து முடித்தவனிடம் அந்த ஹார்மோனுக்கு வேறு வேலை. அது கொழுப்புக் கிடங்கின் கதவைத் திறந்துவிடும். கொழுப்பு ரத்தத்தில் இறங்கித் தசைக்குப் போகும், தசை அதை எரிக்கும். அந்த நேரத்தில் இன்சுலின் வந்து “சர்க்கரையை உள்ளே விடு” என்று தட்டினாலும் தசை சட்டை செய்யாது. சர்க்கரை ரத்தத்திலேயே நிற்கும். ஊசியை நிறுத்தினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எந்த அளவுக்கு மாறுகிறது என்பதுதான் ஆய்வு.

அப்பா கடைசிவரை கேட்டார். பிறகு, “ஆக, நல்லா இருக்கற பையனுக்கு எட்டு நாளைக்குச் சக்கரை வியாதி குடுத்துப் பாக்கறாங்க” என்றார்.

சுருக்கம் தவறில்லை. ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை. “டீயில வெல்லம் போட்டீங்களா?” என்று கேட்டேன். லைன் சரியில்லை என்று வைத்துவிட்டார்.

மார்ச் 12, புதன்

பரிசோதனைப் படுக்கை. காலை ஏழு மணிக்கு வெறும் வயிறு. ஒரு கையில் இன்சுலின் ஏறுகிறது. அது சர்க்கரையை இறக்கும். இறங்காமல் இருக்க இன்னொரு பம்ப் வழியாகச் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றுவார்கள். அளவு நிலையாக நிற்க எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறதோ, அதுதான் மார்க். தசை ஆவலாகக் குடித்தால் நிறைய ஊற்ற வேண்டும், மார்க் அதிகம். குடிக்காவிட்டால் குறைவு.

பம்ப் என் பம்ப். திரையைத் திருப்பி வைத்திருந்தார்கள். கண்ணாடி அலமாரியில் அதன் பிம்பம் தெரிந்தது. இடம் வலம் மாறிய எண் படிப்பது எனக்குப் பழக்கம்.

4.2.

அடுத்த கட்டிலில் தாமு. அவன் பம்ப்பில் 9.1. ஜெசிந்தா சிஸ்டர் அவனுக்குச் சர்க்கரைத் தண்ணீர்ப் பை மாற்றிக்கொண்டே இருந்தார். “இந்தப் பிள்ளைக்கு ஊத்தி மாளாது” என்றார். தாமு குறட்டை விட்டான்.

கணக்குத் தெளிவு. அவனுக்கு இந்தச் சுற்றில் உப்புத் தண்ணீர், எனக்கு ஹார்மோன். அதனால்தான் என் தசை கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது. தாடை, ஷூ, குரல், இப்போது பம்ப். நான்கு சாட்சி.

தொடையில் தசை எடுத்தார்கள். ஊசி தடிமன், துண்டு ஒரு புளியங்கொட்டையில் பாதி. நான் கத்தவில்லை. “யாரது கத்தறது?” என்று பக்கத்து அறையிலிருந்து கேட்டார்கள். அது தாமுவாக இருக்கலாம். அவன் தூங்கிக்கொண்டிருந்தான் என்பது வேறு விஷயம்.

மார்ச் 14, வெள்ளி

மைக்ரோஸ்கோப்பில் வெளிச்சம் ஒரு பக்கமாக விழுகிறது என்று கூப்பிட்டார்கள். ஹாஸ்டலிலிருந்து ஆய்வகத்துக்குப் பைக்கில் நாற்பது நொடி. மூன்றாவது மாடி, லிஃப்டுக்காக நான்கு நிமிடம் நின்றேன்.

சரிசெய்து சோதித்துப் பார்க்க அவர்களுடைய ஸ்லைடுகளையே வைத்தார்கள். எட்டு பேரின் தொடைத் தசை. கொழுப்பு மட்டும் சிவப்பாகத் தெரியும்படி சாயம் போட்டது. பெயர் கிடையாது, குலுக்கிப் போட்ட எண் மட்டும்.

எல்லாவற்றிலும் சிவப்புப் பொட்டுகள் அங்கங்கே இருந்தன. ஐந்தாம் எண்ணை வைத்ததும் சிரித்துவிட்டேன். பொட்டு இல்லை, குளம். தசை நார் முழுக்கப் பெரிய பெரிய சொட்டுகள். மடித்து வைத்த நெய் ரோஸ்டை வெளிச்சத்தில் பிடித்தால் இப்படித்தான் இருக்கும்.

“யாரும்மா இந்த நெய் ரோஸ்ட்?” என்றேன். ஆராய்ச்சி மாணவிகள் மூன்று பேரும் சிரித்தார்கள். ஒருத்தி, “சார், சட்னி வேணுமா?” என்றாள்.

எனக்குத் தெரியும் யார் என்று. தொண்ணூற்றாறு கிலோவை எங்கே ஒளித்து வைப்பான்? மதியத்துக்குள் பெயர் மாடி முழுக்கப் பரவிவிட்டது. சாயங்காலம் தாமுவை “வாடா நெய் ரோஸ்ட்” என்று கூப்பிட்டேன். காரணம் தெரியாமலே, “எங்கடா? எந்தக் கடைல?” என்றான்.

மார்ச் 16, ஞாயிறு

பவானியில் தாமுவின் அத்தை மகள் கல்யாணம். முதல் பந்தியிலேயே கூட்டம். ஒவ்வொரு நாற்காலிக்குப் பின்னாலும் அடுத்த பந்திக்கு ஒருவர் காவல். நானும் ஒரு நாற்காலியைப் பிடித்து நின்றேன். முன்னால் உட்கார்ந்திருந்தவர் எழுந்ததும், இடுப்பில் குழந்தையோடு ஒரு அம்மா எங்கிருந்தோ நுழைந்து உட்கார்ந்துவிட்டார். குழந்தையை இலைப் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். அது என்னைத் திரும்பிப் பார்த்து, பழைய இலையில் மிச்சமிருந்த ரசத்தில் கையை அடித்தது.

காத்திருந்த நேரத்தில் தாமுவின் மாமாவுக்கு ஆய்வை விளக்கினேன்.

“இப்பத் தசைங்கிறது இந்தப் பந்தி மாதிரிங்க. ஹார்மோன் என்ன பண்ணுதுன்னா, கொழுப்பை முதல்லயே கூட்டிட்டு வந்து உக்கார வெச்சிடுது. சர்க்கரை நாற்காலிக்குப் பின்னாடி நிக்குது, நம்ம மாதிரி.”

“அப்ப இன்சுலின் யாருங்க தம்பி?”

“பந்தி விசாரிக்கறவர். ‘இவங்களுக்கு இடம் குடுங்க’ன்னு சொல்றவர்.”

“உக்காந்தவன் எந்திரிக்கலைன்னா?”

“கத்துவார். இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வந்து கத்துவார்.”

மாமா யோசித்தார். “செரி, ஹார்மோன் போட்டா அப்படி. ஹார்மோன் போடாமயே ஒருத்தன் தின்னுபோட்டு எந்திரிக்காம உக்காந்துட்டே இருந்தா?”

“அது வியாதிங்க. அதெல்லாம் உடம்பை அசைக்காத ஆளுங்களுக்கு.”

எனக்கு இடம் கிடைத்தது. ஜாங்கிரி இரண்டாம் முறை வரும் என்றார்கள். காத்திருந்தேன். இலை எடுக்கும் அக்கா மூன்று முறை வந்து நின்றார். நான்காம் முறை இலையை என் கைக்கு அடியிலிருந்தே உருவிக்கொண்டு போய்விட்டார். அடுத்த பந்திக்குப் போட்ட புது இலையில் ஜாங்கிரி வந்தது. ஊசி இல்லாத நாட்களில் எதையும் சாப்பிடலாம் என்று விதிமுறையிலேயே இருக்கிறது.

“எந்திரிங்க தம்பி, கொழுப்பு” என்றார் மாமா பின்னாலிருந்து. அவர் நகைச்சுவை எனக்குப் பிடிபடவில்லை.

மார்ச் 22, சனி

ஒரு சின்ன விஷயம். தாமு சுக்குக் காபி டப்பாவின் மூடியை என் வெர்னியரால் நெம்பித் திறந்துகொண்டிருந்தான். பிடுங்கினேன்.

“என்னடா, போன ரெண்டு வாரமா இதுலதான தொறக்கறேன்!”

வெர்னியரின் வாயை முழுக்க மூடி வைத்துப் பார்த்தேன். பூஜ்யம் காட்ட வேண்டும். 0.6 காட்டுகிறது.

112.4 எப்படி 113.0 ஆனது என்று இப்போது தெரிகிறது. வெர்னியரை எடுத்தவுடன் மூடிப் பூஜ்யம் பார் என்பது பாலிடெக்னிக் முதல் வார வகுப்பு. இதை வெளியே சொல்லப் போவதில்லை. அதனால் முடிவு மாறவும் போவதில்லை. மூன்று சாட்சி பாக்கி இருக்கிறது.

மார்ச் 28, வெள்ளி

இரண்டாம் சுற்று தொடக்கம். இனி உப்புத் தண்ணீர்தான். எட்டு நாள் வீண். ஜெசிந்தா சிஸ்டரிடம் சொன்னேன், “தண்ணிதானே, பைப்புல பிடிச்சுப் போடுங்க.”

“எனக்கே தெரியாது, உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எனக்குத் தெரியும் சிஸ்டர்.”

“எங்க மாமியாரும் இப்படித்தான். மழை வராதும்பாங்க, நனைஞ்சுகிட்டே” என்று குத்தினார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை. உப்புத் தண்ணீரில் என்ன நடக்கும்?

வாட்ச் பட்டையை ஒரு துளை தள்ளிப் போட்டேன். கோவையில் இவ்வளவு வெயில் கூடாது.

ஏப்ரல் 2, புதன்

காலையில் எழுந்தால் இரண்டு கையும் மரத்துப்போய் எறும்பு ஊர்கிறது. டம்ளர் நழுவி டீ தாமுவின் லுங்கி மேல். கையைத் தலைக்கு அடியில் வைத்துத் தூங்கியிருப்பேன். இரண்டையுமா என்று தாமு கேட்டான். அவனிடம் விவாதிக்க நேரமில்லை, மூன்று கரண்டி சர்க்கரை போட்ட டீ, அதுவும் போச்சு.

ஏப்ரல் 3, வியாழன்

செருப்பு வார் காலில் தடம் போட்டிருக்கிறது. முகமும் உப்பலாக இருக்கிறது என்கிறார்கள். மெஸ் ஊறுகாயில் உப்பு அதிகம். மெஸ் கமிட்டிக்குப் புகார் எழுதினேன்.

“வாட்ச் தடம் பதிஞ்சிருக்கே தம்பி, நோட்டுல எழுதினீங்களா?” என்றார் சிஸ்டர்.

“வெயில் சிஸ்டர்.”

அவர் தன் தாளில் ஏதோ எழுதிக்கொண்டார்.

வெறும் வயிற்றுச் சர்க்கரை மீட்டரில் 112. மீட்டர் கோளாறு. சரிபார்க்கும் திரவம் விட்டுப் பார்த்தேன். மீட்டர் சரி என்கிறது. திரவம் கோளாறு.

ஏப்ரல் 5, சனி

இரண்டாவது படுக்கை. இன்று என் மார்க் எகிற வேண்டும். கண்ணாடி அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

3.1.

குறைந்திருக்கிறது. உப்புத் தண்ணீரில் எப்படிக் குறையும்? “பம்ப் ரிப்பேர்!” என்று எழுந்து உட்கார்ந்துவிட்டேன். இரண்டு கையிலும் ட்யூப். சிஸ்டர் என் நெஞ்சில் ஒரு விரல் வைத்தார், படுத்துவிட்டேன். சின்ன விரல்தான்.

தாமுவுக்கு இன்று 5.8. பிள்ளைக்கு இன்று ஹார்மோன் போலிருக்கிறது, பாவம்.

ஏப்ரல் 6, ஞாயிறு

பம்ப்பைக் கழற்றினேன். மோட்டார், வால்வு, சென்சார் எல்லாம் மேஜையில். அளவுக் குவளையில் ஒரு மணிநேரம் ஊற்ற வைத்து எடை போட்டேன். மூன்று முறை. ஒரு துளி பிசகில்லை.

இந்தப் பம்ப்பை இவ்வளவு நன்றாகப் பராமரித்தவன் மேல் எனக்குக் கோபம் வந்தது. அது நான்தான்.

ஆக, மிச்சம் ஒரே விளக்கம். மருந்தகம் எனக்கு இரண்டு சுற்றிலும் ஹார்மோனே கொடுத்துவிட்டது. மருந்தக மேலாளருக்கு மெயில் அனுப்பினேன். ‘தங்கள் கவனக்குறைவால்’ என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். ஆறு பேருக்கு நகல்.

அப்பா: “ரிப்போர்ட்டு வந்துச்சா கண்ணு?”

“வரும். லேமினேட் பண்ணிக் கொண்டு வர்றேன்.”

“செவுத்துல மாட்டோணுமா? ஆணி வாங்கி வெக்கட்டுமா?”

“வாங்கி வைங்க.”

“மெய்யாலுமே வாங்கிருவன்.”

ஏப்ரல் 8, செவ்வாய்

மருந்தகத்திலிருந்து பதில். ஒரே வரி. ‘பதிவுகள் சரிபார்க்கப்பட்டன, தவறு ஏதும் இல்லை, விவரம் ஆய்வுத் தலைவர் கூறுவார்.’

தவறு செய்தவர்கள் எப்போதும் சுருக்கமாகத்தான் எழுதுவார்கள்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை ஒன்று. மெஸ்ஸில் பாயசம். இரண்டு கப். கையில் எறும்பு ஊர்வது நின்றுவிட்டது. வாட்ச் பழைய துளைக்கு வந்துவிட்டது. வெயில் மட்டும் குறையவில்லை. இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

டாக்டர் உமையாள் அறை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு ரிப்போர்ட் கொடுத்தார். தாமு சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். நான் போனேன். நான் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டேன்.

“மேடம், மருந்தகத்துல ரெண்டு சுற்றும்...”

“முதல் சுற்று உப்புத் தண்ணி பூபதி. ரெண்டாவது ஹார்மோன்.”

ஏசி சத்தம் அதிகமாக இருந்தது. பெல்ட் தளர்ந்திருக்கும், பார்க்க வேண்டும்.

“தாடை?” என்றேன்.

“உப்புத் தண்ணியில தாடை வளர்ந்திருந்தா நான் வேற பேப்பர் எழுதியிருப்பேன்.” என் குறிப்பின் நகலைப் புரட்டினார். “ரெண்டாவது சுற்றுல கை மரத்திருக்கு, வீக்கம் வந்திருக்கு. அதெல்லாம் உண்மை. அதுக்கு நீங்க வெயிலையும் ஊறுகாயையும் எழுதியிருக்கீங்க. மெஸ் கமிட்டி என்கிட்ட வந்து அழுதாங்க.”

“அப்போ முதல் நாள் 4.2?”

அந்த எண் எனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கண்ணாடி அலமாரியைப் பற்றி அவருக்குத் தெரிந்திருக்கிறது.

“அது நீங்க. எதுவும் கலக்காத நீங்க.” எட்டுப் பேரின் எண்களும் இருந்த தாளை, பெயர்களை மறைத்து, என் பக்கம் திருப்பினார். “மத்தவங்களுக்கு ஊசி போட்டு நாங்க வாசலை அடைச்சோம். நிறுத்தினதும் திறந்துடுச்சு. உங்களுக்கு ஊசி இல்லாமலே பாதி அடைஞ்சிருக்கு. உங்க சாதாரண நாள், மத்தவங்களோட ஹார்மோன் நாளை விடக் கீழ.”

தாமுவின் ஹார்மோன் நாள் 5.8. என் உப்புத் தண்ணீர் நாள் 4.2. கழித்தல் எனக்கு வரும்.

“நான் ஐம்பத்தெட்டு கிலோ மேடம். என் மேல கொழுப்பே இல்லை.”

“மேல இல்லை. தோலுக்கு அடியில வெக்க இடம் கம்மி. அதனால சாமானெல்லாம் தசைக்குள்ள வந்து உக்காந்திருக்கு. ஸ்லைடு நீங்களே பார்த்தீங்களே.”

“எத்தனாம் எண்?”

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். வெளியே மாணவிகள் யாரோ இருமினார்கள். இருமல் மாதிரி இல்லை.

ஐந்து.

“தாமோதரன் தசையில கொழுப்பு இல்லையா?” என்று கேட்டேன். இது சின்னத்தனம்தான்.

“அவர்கிட்டயே கேளுங்க” என்றார். பிறகு, “பொதுவா சொல்றேன். தினமும் ஆடுறவங்க தசையிலயும் கொழுப்பு இருக்கும். அது அடுப்புப் பக்கத்துல அடுக்கின விறகு, சாயங்காலம் எரிஞ்சுடும். உங்களது பரண்ல போட்ட சாமான். யாரும் எடுக்கறதே இல்லை.”

“இது சர்க்கரை வியாதியா?”

“இல்லை. அதுக்குப் போற ரோடு. நீங்க பாதி தூரம் வந்திருக்கீங்க. திரும்பலாம், இந்த வயசுல சுலபம். வீட்டுல யாருக்காவது இருக்கா?”

படிவத்தில் எழுதியிருக்கிறேன். இருந்தாலும் கேட்டார். “அப்பாவுக்கு” என்றேன். மேலே என்னமோ சொல்ல வந்தேன், குரல் கனத்துவிட்டது. இந்த முறை ஃபேன் இல்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

தாமுவிடம் நானே சொன்னேன். அவன் ரிப்போர்ட்டையும் வாங்கிப் பார்த்தேன். இரண்டாம் எண். பொட்டு பொட்டாக, நேர்த்தியாக.

வெகுநேரம் சிரிப்பான் என்று நினைத்தேன். ஒரு தடவை “நெய் ரோஸ்ட்டு” என்றான், அவ்வளவுதான். பிறகு, “சாயங்காலம் கிரவுண்டுக்கு வாடா. நீ பந்து பொறுக்கிப் போடு போதும்” என்றான்.

போனேன். எட்டு முறை பந்து எடுக்க ஓடினேன். ஒன்பதாவது முறை பந்து சாக்கடைக்குப் போனது, நான் புல்லில் படுத்துவிட்டேன். தாமு தலைக்கு மேல் வந்து நின்றான். சூரியன் முழுக்க மறைந்துபோனது.

“மாப்ள, தாடை வளருதா?”

ஏப்ரல் 23, புதன்

அப்பா புதன்கிழமை போன் செய்யமாட்டார். செய்தார்.

“ஆணி வாங்கிட்டன். ரெண்டு இஞ்சு. போதுமா?”

“போதுங்கப்பா.”

“ரிப்போர்ட்டு வந்துருச்சா?”

“இன்னும் வரல.”

மேஜையில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

“ஏன்டா கொரலு ஒரு மாதிரி இருக்குது?”

“சளி.”

“மொளகு ரசம் வெச்சுக் குடி.” போனை வைக்கப் போனவர் மறுபடி ஆரம்பித்தார். “ஏங்கண்ணு, உனக்கு வராதுன்னுதான்டா நானும் நெனைக்கறன். சும்மா வாய்க்கு வந்ததச் சொல்றது. நீ மனசுல வெச்சுக்காத.”

லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 24, வியாழன், காலை 6.05

வெறும் வயிற்றில் 99. மீட்டர் சரி. திரவமும் சரி. எழுதிக்கொண்டேன்.

செய்ய வேண்டியவை:

1. பைக் சாவியைத் தாமுவிடம் கொடுப்பது. ஆய்வகத்துக்கு நடப்பது. லிஃப்ட் பக்கம் திரும்புவதில்லை, ரிப்பேருக்கு மட்டும்.

2. மருந்தகத்துக்கு மன்னிப்பு. இதற்கும் அதே ஆறு பேருக்கு நகல். மெஸ் கமிட்டியிடம் நேரில். ஊறுகாய் உண்மையிலேயே நன்றாக இருக்கும்.

3. வெர்னியரைச் சரிசெய்வது. தாமுவுக்கு ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கித் தருவது.

4. மூன்றாம் மாடியில் யார் “நெய் ரோஸ்ட் சார்” என்று கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பது. பெயர் வைத்தவன் நான்.

5. தினமும் கிரவுண்ட். பந்து பொறுக்குவதிலிருந்து ஆட்டத்துக்கு எப்போது சேர்ப்பார்கள் என்று கேட்காமல் இருப்பது.

6. ரிப்போர்ட்டை லேமினேட் செய்வது. சொன்ன சொல்.

7. ஞாயிறு பொள்ளாச்சி. அதை அப்பா கையில் கொடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று நானே படித்துச் சொல்வது. அவர் திட்டினாலும் சிரித்தாலும் முடியும்வரை நிற்பது. எங்கே வேண்டுமானாலும் அவரே ஆணி அடிக்கட்டும்.

8. பிறகு இரண்டு பேரும் களத்தைச் சுற்றி நடப்பது. அவருடைய வேகத்தில். அவருக்கு ஒரு விரல் குறைவு, எனக்குப் பொறுமை குறைவு. சரியாக இருக்கும்.

9. திரும்பி வந்ததும் அம்மா இரண்டு டம்ளர் டீ வைத்திருப்பார், இரண்டிலும் வெல்லம் இருக்கும். என்னுடையதை முதலில் கீழே ஊற்றுவது. அதன் பிறகு அப்பாவைப் பார்ப்பது.